செவ்வாய் மாந்தரும் நேயர் கடிதங்களும்



திருவண்ணாமலைக்கு வந்து மலையை வலம் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வலம்வரும் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். கோயிலின் முன்னின்று பார்க்கும்போது ஒற்றைச் சிகரமாய் நிமிர்ந்து நிற்கும் மலை, இன்னோர் இடத்திலிருந்து பார்த்தால் பல முகடுகளாகப் பிரிந்து தோன்றும். மற்றோரிடத்தில் படுத்துறங்கும் விலங்கு போலவும் காணப்படும். மலை ஒன்றுதான், பார்க்கும் இடந்தான் மாறுகிறது. ஆகவே, "மலை எப்படி இருந்தது?" என்று ஒருவரைக் கேட்குமுன், "நீர் எங்கே நின்று பார்த்தீர்?" என்று கேட்டுக்கொள்வது நன்று.

வானொலி நாடகமும் இத்தகையதே. நிலையத்தில் ஒருமுறை நடிக்கப்படும் நாடகம் ஆயிரமாயிரம் வீடுகளில் கேட்கப்படுகிறது. ஒருவர் தொடக்கத்திலிருந்து கேட்கிறார். ஒருவர் நடுவில் வந்து காதைக் கொடுக்கிறார். ஒருவர் அடுக்களையில் வேலை செய்துகொண்டே பாதி கேட்டுப் பாதி விடுகிறார். அவர்களெல்லாம் அந்த நாடகத்தைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை வரலாறு எங்ஙனம் அறியும்? அறிவியற் கற்பனை நாடகம் ஒன்றையும், அதைப் பற்றி நேயர்கள் எழுதிய கடிதங்களையும் கொண்டு இந்த வினாவை ஆராய்வோம். இதில் என் சொந்தத் தவறுகள் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லுகிறேன்.

1938ஆம் ஆண்டு நம் நாட்டு வானொலி வரலாற்றில் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மறு ஆண்டு மே மாதத்தில் திருச்சி நிலையம் தோன்றியது. காற்றில் வரும் குரலைக் கேட்டு மக்கள் வியந்த காலம் அது. சென்னை நிலையம் தொடங்கி நான்கரைத் திங்கள் கழிந்தபோது, அமெரிக்காவில் நியூயார்க் நகரிலிருந்து ஒரு நாடகம் ஒலிபரப்பாயிற்று. அதன் புகழ் இன்றளவும் குறையவில்லை.

கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தார் அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் வாரந்தோறும் ஒரு நாடகத் தொடரை வழங்கி வந்தனர். மெர்க்குரி நாடகக் குழுவினர் நடித்த தொடர் அது. குழுவின் தலைவர் ஆர்சன் வெல்ஸ். அப்போது அவருக்கு வயது 23. வாரத்திற்கு ஒரு புகழ்பெற்ற நூலை நாடகமாக்குவது அவர்கள் வழக்கம். அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8 மணிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதி 1898இல் நூலாக வெளிவந்த 'உலகங்களின் போர்' என்னும் கற்பனைக் கதை. எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒலியால் ஒத்த பெயர் அமைந்தது தற்செயலே, இருவரும் உறவினரல்லர். வானொலிக்கு ஏற்றவாறு அதனை எழுதியவர் ஹோவர்டு காக் என்பவர்.

அவர் கதையைச் சொன்ன முறையே புதுமை. முதலில் நாடகம் என்ற அறிவிப்பு வந்தது. பிறகு நடன இசை ஒலித்தது. திடீரென்று இசை நின்றது. செய்தி அறிக்கை ஒன்று குறுக்கிட்டது. செவ்வாய்க் கோளில் வெடிப்புகள் காணப்பட்டன என்றது. மீண்டும் இசை, மீண்டும் அறிக்கை. நியூ ஜெர்சி மாநிலத்தில் குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூரில், ஒரு பண்ணை நிலத்தில் விண்கல் போன்ற ஒன்று விழுந்துவிட்டது என்றனர். அதனுள்ளிருந்து செவ்வாய் மாந்தர் வெளிப்பட்டு வெப்பக் கதிரால் சுற்றியிருந்தோரை எரித்தனர். அங்கிருந்து பேசிக்கொண்டிருந்த செய்தியாளரின் குரல் அறுந்தது. பின்பு எழுந்த மௌனமே நாடகத்தின் மிகப் பெரிய நடிப்பு எனலாம். ஏறத்தாழ 40 நிமிடங்கள் கழிந்த பின்னரே, இடையில் நிறுத்தி, இது நாடகம் என்று மறுபடியும் அறிவித்தார்கள். முடிவில் வெல்ஸ் தம் சொந்தக் குரலில், இது விளையாட்டுக்காகச் செய்தது என்று கூறி விடைபெற்றார். மறுநாள் அந்நாட்டில் பேய் வேடமிட்டு ஒருவரையொருவர் அச்சுறுத்தி விளையாடும் திருநாள்.

மறுநாட் காலை நாளிதழ்கள் என்ன கூறின? நாடெங்கும் மக்கள் நாடகத்தை மெய்யென நம்பி நடுங்கினர், வீட்டை விட்டு ஓடினர், தெருக்கள் நிரம்பின என்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்துகளில் எழுதின. அந்தச் செய்தி கடல் கடந்தது, நூல்களில் ஏறியது, வகுப்பறைகளிலும் புகுந்தது.

என் வகுப்பறையிலும் புகுந்தது. வதந்தியின் தீமையை விளக்க வேண்டிய போதெல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்லுவேன். "பத்து இலட்சம் அமெரிக்கர்கள் ஒரு நாடகத்தைக் கேட்டுவிட்டுத் தெருவில் ஓடினார்கள்" என்பேன். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படிச் சொல்லி வந்தேன். எனக்கு என் ஆசிரியர் சொன்னார். அவருக்கு ஏதேனும் ஓர் இதழ் சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பின்னர், பொழுது கிடைத்துப் படிக்கத் தொடங்கிய போதுதான் உண்மை வேறு என்று தெரிந்தது. வதந்தியைப் பற்றிப் பாடம் நடத்திய நானே ஒரு வதந்தியைப் பரப்பி வந்திருக்கிறேன்! இது நான் செய்த முதல் தவறு.

உண்மையைக் காட்டும் சான்றுகளைப் பார்ப்போம். அன்றிரவு ஒரு நிறுவனத்தார் வழக்கமான கணக்கெடுப்புக்காக 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள் என்று வினவினர். வெல்ஸின் நாடகத்தைக் கேட்பதாகக் கூறியோர் நூற்றுக்கு 2 பேரே. அதே நேரத்தில் மற்றொரு நிலையத்தில் பொம்மையைப் பேச வைக்கும் நகைச்சுவைக் கலைஞரின் நிகழ்ச்சி நடந்து கொண்டிருந்தது. பெரும்பாலான நேயர்கள் அங்கே சிரித்துக் கொண்டிருந்தார்கள்.

அடுத்தது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் ஹேட்லி கேன்ட்ரில் தம் துணைவர்களோடு செய்து 1940இல் வெளியிட்ட ஆராய்ச்சி. நாடகத்தைக் கேட்டோர் 60 இலட்சம் பேர் என்று அவர் மதிப்பிட்டார். அவர்களுள் நூற்றுக்கு 28 பேர் அதைச் செய்தி என்று எண்ணினர். அவ்வாறு எண்ணியோருள் நூற்றுக்கு 70 பேர் அஞ்சினர் அல்லது கலங்கினர் என்றார். இவ்வாறு பெருக்கி வந்ததே "பத்து இலட்சத்துக்கு மேல்" என்னும் தொகை.

மாணவர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். அஞ்சியவர் வேறு, ஓடியவர் வேறு. நல்ல நாடகம் கேட்டு நெஞ்சு நடுங்குவது குற்றமன்று; நடுங்கிக்கொண்டே நாற்காலியில் அமர்ந்திருந்தவரையும் தெருவில் ஓடியவர் கணக்கில் சேர்த்தல் ஆகாது. மேலும், இத்தொகைக்கு அடிப்படையான வினாக்கள் மக்களிடம் கேட்கப்பட்டது நாடகம் நடந்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்ற பின்பு. அதற்குள் நாளிதழ்கள் எழுதியதையெல்லாம் மக்கள் படித்துவிட்டனர். ஆராய்ச்சியாளர் நேரிற்கண்டு விரிவாகப் பேசியவர் 135 பேர். அவர்கள் நியூ ஜெர்சி மாநிலத்தவர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர், அஞ்சியவர்கள் என்று முன்னரே தெரிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். காய்ச்சல் மருத்துவமனையின் வாயிலில் நின்று எண்ணிவிட்டு, ஊரிலெல்லாம் காய்ச்சல் என்று முடிவு செய்யலாமா?

எனினும், அந்த ஆராய்ச்சியில் நமக்கு வேண்டிய பொன்னான செய்திகள் உண்டு. நடுவில் வந்து கேட்டவர்களே செய்தியென்று நம்புவதற்கு அதிக இடமிருந்தது. தொடக்கத்து அறிவிப்பை அவர்கள் கேட்கவில்லை. அவர்களுள்ளும் சிலர் வேறு நிலையத்தைத் திருப்பிப் பார்த்தனர், சிலர் நாளிதழில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்தனர், ஐயம் தீர்ந்தது. சிலரோ சன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தனர். தெருவில் வண்டிகள் மிகுதியாயிருக்கக் கண்டவர், மக்கள் தப்பி ஓடுகின்றனர் என்று முடிவு செய்தார். வண்டிகள் இல்லாததைக் கண்ட மற்றொருவர், வழியெல்லாம் அழிந்துவிட்டதால் வண்டி வரவில்லை என்று முடிவு செய்தார்! முன்னரே முடிவு செய்துகொண்டவனுக்கு எதிரெதிரான இரண்டும் சான்றாகிவிடுகின்றன. ஆராய்ச்சி செய்வோர் யாவரும் இதை நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும்.

அச்சத்துக்குக் காலமும் காரணமாயிற்று. முந்திய செப்டம்பரில்தான் மியூனிக் உடன்படிக்கைக்கு முன்னர் ஐரோப்பாவில் போர் மூளும் என்ற நிலை இருந்தது. அந்நாட்களில் வானொலி நிகழ்ச்சிகளை இடையில் நிறுத்திச் செய்தி சொல்லுவது வழக்கமாயிருந்தது. இசையை நிறுத்திவிட்டு வரும் குரல் நல்ல செய்தி சொல்லாது என்று காது பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தையே நாடக ஆசிரியர் பயன்படுத்திக் கொண்டார். சிலர் செவ்வாய் மாந்தரை நினைத்து அஞ்சவில்லை. வேற்று நாட்டுப் படை வந்துவிட்டதோ என்றே அஞ்சினர்.

இனி, கடிதங்களுக்கு வருவோம். நாடகத்தைப் பற்றி நேயர்கள் எழுதிய கடிதங்கள் மூன்று இடங்களுக்குச் சென்றன. மெர்க்குரி நாடகக் குழுவினருக்கு 1,450 கடிதங்கள் வந்தன. அவற்றுள் நூற்றுக்கு 91 பாராட்டுக் கடிதங்கள். நியூயார்க்கில் இருந்த ஒலிபரப்பு நிலையத்துக்கு வந்தவை 1,770. அவற்றுள் பாராட்டியவை 1,086, கண்டித்தவை 684. அதாவது பத்தில் ஏறத்தாழ நான்கு கண்டனம். வானொலியைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையத்துக்கு வந்தவை 644; அவற்றுள் நூற்றுக்கு 60 கண்டனம்.

ஒரே நாடகம், ஒரே இரவு. நடிகர்களின் கடிதப் பையை மட்டும் பிரித்தவன், நாடே பாராட்டியது என்று வரலாறு எழுதுவான். அரசு அலுவலகத்தின் பையை மட்டும் பிரித்தவன், நாடே சினந்தது என்று எழுதுவான். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் உண்மையை முழுதும் சொல்லவுமில்லை. பாராட்ட விரும்புவோன் கலைஞனுக்கு எழுதுகிறான். தண்டிக்க விரும்புவோன் அதிகாரிக்கு எழுதுகிறான். கடிதத்தின் உள்ளே இருப்பதைப் படிக்குமுன் உறையின் மேலுள்ள முகவரியைப் படிக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். அரசு ஆணையமும் வெல்ஸ் குழுவினரைத் தண்டிக்கவில்லை. டிசம்பர் மாதத்தில் பெரிய வணிக நிறுவனம் ஒன்று அந்த நாடகத் தொடருக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது.

நடிகர் குழுவுக்கு வந்த கடிதங்களுள் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்டு, இன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து 2015இல் ஒரு நூல் வெளியிட்டார் பிராட் ஷுவார்ட்ஸ் என்னும் ஆய்வாளர். அச்சம் இருந்தது உண்மை. நாடு தழுவிய ஓட்டம் இருந்ததாகக் கூறுவது மிகை என்பது இக்கால ஆய்வாளர் பலரின் முடிபு. விளம்பர வருவாயை வானொலி பறித்துக் கொண்டதால் வெறுப்புற்றிருந்த நாளிதழ்கள் செய்தியைப் பெருக்கின என்று அவர்களுள் சிலர் கருதுகின்றனர். எப்படியாயினும், எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த கதையைத் திருத்தியமைத்ததில் அன்று அஞ்சலட்டை எழுதிய எளிய நேயர்களின் கைகளுக்கும் பங்குண்டு.

இதைக் கேட்டு, மக்கள் ஒருபோதும் ஏமாறுவதில்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். 1949ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், தென் அமெரிக்காவில் ஈக்குவடோர் நாட்டின் தலைநகரான கீட்டோவில், அதே கதையை அவ்வூருக்கு ஏற்றபடி மாற்றி ஒலிபரப்பினர். மக்கள் மெய்யாகவே தெருவுக்கு வந்தனர். நாடகந்தான் என்று பின்னர் அறிவித்ததும் அச்சம் சினமாக மாறிற்று. வானொலி நிலையமும் நாளிதழ் அலுவலகமும் இருந்த கட்டடத்திற்குக் கூட்டத்தார் தீ வைத்தனர். குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தனர். ஓரிடத்தில் நடவாதது மற்றோரிடத்தில் நடந்தது. ஆதலால், ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே சான்று தேட வேண்டும்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். அருணாசலேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர், போசளர், விசயநகரத்தார் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 217 அடி உயர்ந்த இராசகோபுரம் கிருட்டிணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கரால் நிறைவுற்றது என்பதை நாம் அறிவோம். கொடுத்தவர் பெயர் தெரிகிறது. கொடுத்த நிலமும் விளக்கும் தெரிகின்றன. ஆனால், அந்தக் கோபுரத்தை முதன்முதல் அண்ணாந்து பார்த்த உழவன் என்ன எண்ணினான்? தெரியாது. கல்வெட்டில் அவனுக்கு இடமில்லை. வானொலி வந்த பின்னரோ கேட்பவன் தன் கருத்தைக் காலணாக் காகிதத்தில் எழுதி அனுப்ப முடிந்தது. உழவனுக்குக் கிடைக்காத கல் நேயனுக்குக் காகிதமாகக் கிடைத்தது.

அந்தக் காகிதத்தை நான் எப்படிக் கையாண்டேன் என்பதுதான் என் இரண்டாவது தவறு. 1991ஆம் ஆண்டு தொடங்கி, மனித இனத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விளக்கும் நெடிய அறிவியல் தொடர் ஒன்றை அகில இந்திய வானொலி ஒலிபரப்பிற்று. 'மானவ் கா விகாஸ்' என்பது அதன் இந்திப் பெயர். நூறு பகுதிகளுக்கு மேற்பட்ட அத்தொடர் தமிழ் உட்பட 18 மொழிகளில் வந்தது. அது கற்பனை நாடகமன்று. அறிவியல் உண்மைகளைச் சொன்ன தொடர். நாடெங்கும் ஏறத்தாழ ஓர் இலட்சம் சிறுவர்களும் பத்தாயிரம் பள்ளிகளும் அதன் நேயர்களாகப் பதிவு செய்துகொண்டனர். இத்துணைப் பேரிளஞ்செவிகள் ஓர் அறிவியல் தொடருக்குக் கூடியது நம் நாட்டில் அரிய நிகழ்ச்சி.

அப்போது நான் இளம் ஆசிரியன். என் வகுப்புப் பிள்ளைகளையும் கேட்கச் செய்து, கருத்தெழுதி வரச் சொன்னேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் கையெழுத்தில் இப்படி எழுதி வந்தாள்: பின்னணி இசை பேச்சை மறைக்கிறது, பேசுவோர் விரைவாகப் பேசுகிறார்கள், எங்கள் வீட்டுப் பெட்டியில் இரைச்சல் மிகுதி, ஆகவே பாதி புரியவில்லை, குரங்கிலிருந்து நாம் வந்தோம் என்று சொன்னதும் பாட்டி பெட்டியை நிறுத்திவிட்டார், குரங்கு இப்போதும் ஏன் குரங்காகவே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நிலையத்தாருக்கு இப்படியா அம்மா எழுதுவது? மரியாதையாக எழுது" என்று கடிந்துகொண்டேன். கரும்பலகையில் நானே ஒரு வாசகம் எழுதிப் போட்டேன். நிகழ்ச்சி மிக நன்று, பயனுள்ளது, தொடர்ந்து வழங்குக என்பது அதன் சாரம். வகுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்து எழுதினர். ஒன்றுபோலவே இருந்த நாற்பது கடிதங்கள் அஞ்சலிற் சென்றன. சிறுமியின் தாள் குப்பைக் கூடைக்குச் சென்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. தலை குனிந்து மறுபடி எழுதினாள்.

இன்று யாரேனும் அக்கடிதங்களை எடுத்துப் படித்தால், திருவண்ணாமலைப் பகுதியில் தொடருக்கு முழு வரவேற்பு இருந்தது என்று எழுதுவார். பின்னணி இசையின் குறையை அறிய மாட்டார். பாட்டியை அறிய மாட்டார். அறிவியல் ஆசிரியன் ஒவ்வொருவனும் விடை சொல்லக் கடமைப்பட்ட அந்த அரிய வினாவையும் அறிய மாட்டார். இக்காலக் குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை, இருவர்க்கும் முன்னோர் பொது என்னும் விடையை அன்றே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வினாவையே அழித்துவிட்டேன். அமெரிக்க நாளிதழ்கள் இல்லாத ஓட்டத்தை உண்டாக்கின. நான் இருந்த கருத்தை இல்லாமற் செய்தேன். எது பெரிய பிழை என்று நீங்களே சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுக் கருத்தெழுத நேரும். அப்போது எங்கிருந்து கேட்டீர்கள், தொடக்கத்திலிருந்து கேட்டீர்களா, எது புரிந்தது, எது புரியவில்லை, உடனிருந்தோர் என்ன சொன்னார்கள் என்பவற்றை உள்ளபடி எழுதுங்கள். பிடித்திருந்தால் எதனாற் பிடித்தது என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லையெனில் பணிவோடு, ஆனால் மறைக்காமற் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியரே ஆயினும், உங்கள் கருத்தை மாற்றி எழுதச் சொன்னால், மரியாதையோடு காரணம் கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். அது நம் கடமை. கருத்தை மட்டும் திருத்தாதீர்கள். மலையைச் சுற்றி வருகிறவன் தன் கண்ணால் கண்ட முகட்டைத் தான் சொல்லட்டும். எல்லாரும் சொன்ன பின்னர்தான் மலையின் முழு உருவம் நமக்குத் தெரியும்.

அன்று தலை குனிந்து எழுதிய அந்த மாணவிக்கு இன்று வயது நாற்பதைக் கடந்திருக்கும். இந்தப் பேச்சை அவள் எங்கிருந்தேனும் கேட்பாளாயின், தன் பழைய ஆசிரியனுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். எதையும் மாற்றாமல் படிப்பேன்.